பதவி விலகல் கடிதத்தில் எழுதப்படாத காரணம்

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி நண்பருக்கும், அவையோருக்கும் என் வணக்கம். தொழில்நுட்பத் திட்டங்களிலிருந்து ஊழியர்கள் விலகிப் போவதற்குப் பெரிதும் காரணம் ஊதியமா, நிர்வாகத்தின் நேர்மைக் குறைவா என்பது இன்றைய தலைப்பு. நேர்மைக் குறைவே என்று பேச வந்திருக்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் 14 ஆண்டுகள், முதலில் மென்பொருள் சோதனையாளராகவும் பிறகு குழுத் தலைவராகவும் இருந்தவள் நான். இந்தத் தலைப்பு எனக்கு வெறும் மேடைத் தலைப்பு அல்ல.

எதிரணி நண்பர் வலுவான எண்களோடு வந்தார். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் ஊழியர் விலகல் விகிதம் 28.4 விழுக்காடு, அதே ஆண்டு செப்டம்பர் காலாண்டில் டிசிஎஸ் நிறுவனத்தில் 21.5 விழுக்காடு. பெருந்தொற்றை ஒட்டி வேலை குவிந்தது, கூடுதல் சம்பளம் கொடுத்தவர் பக்கம் ஆட்கள் போனார்கள். சந்தை தளர்ந்ததும் 2023 டிசம்பர் காலாண்டில் இன்ஃபோசிஸின் விகிதம் 12.9 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. ஆகவே பணமே காரணம் என்று முடித்தார். எண்களை நான் மறுக்கவில்லை. அந்த இரு நிறுவனங்களைக் குறை சொல்லவும் வரவில்லை, அப்போது துறை முழுவதும் அதே காற்றுதான் வீசியது. ஆனால் வெளியே வேலை இருந்தபோது போனார்கள், இல்லாதபோது இருந்துவிட்டார்கள் என்பதற்கு மேல் அந்த எண்கள் எதையும் சொல்லவில்லை. மழைக்குப் பேருந்து நிழற்குடையில் ஒதுங்கி நிற்பவரைப் பார்த்து, அந்த இடம் அவருக்குப் பிடித்துவிட்டது என்று நாம் சொல்வதில்லையே. ஒருவரால் எப்போது போக முடிந்தது என்பது ஒரு கேள்வி. அவர் ஏன் போக நினைத்தார் என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு நண்பர் வரவே இல்லை.

அந்தக் கேள்விக்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கான திட்டம். பிரீமியம் கணக்கிடும் பகுதியைச் சோதிக்கும் பொறுப்பு, மூன்றாண்டு அனுபவம் உள்ள ஒரு பெண்ணிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி. வாராந்திர நிலை அறிக்கை வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். ஓட்ட வேண்டிய சோதனைகளில் மூன்றில் ஒரு பங்கு அன்றைக்கு ஓட்டப்படவே இல்லை, ஏனென்றால் நிரல் அவர் கைக்கு வந்ததே முந்தைய நாள் இரவுதான். வேலை முடியவில்லை என்று காட்ட, அறிக்கையில் அதற்குரிய கட்டத்துக்கு அவர் சிவப்பு வண்ணம் போட்டிருந்தார். மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, குனிந்து பார்த்துவிட்டு, "திங்கட்கிழமைக்குள்ள முடிச்சிடுவோம்ல, இப்போதைக்குப் பச்சை போட்டுடும்மா" என்றார். குரலில் கோபம் கிடையாது, அதட்டல் கிடையாது. அந்தப் பெண் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்; பிறகு வண்ணத்தை மாற்றினார். அறிக்கையின் அடியில், தயாரித்தவர் என்ற இடத்தில், அவர் பெயர் இருந்தது.

வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்பதால் இப்படிப்பட்ட அறிக்கையைத் தர்பூசணி என்றே எங்கள் தொழிலில் சொல்வார்கள். தர்பூசணியை வெட்டும் நாள் ஒன்று வரத்தான் செய்யும். இரண்டு வாரம் கழித்து வாடிக்கையாளர் முன்னால் செயல்விளக்கம் காட்டும்போது பிரீமியம் தவறாக வந்தது. அழைப்பில் அந்தப் பெண்ணும் இருந்தார், மைக் அணைக்கப்பட்ட நிலையில். சோதனைக் குழு கவனிக்கத் தவறிவிட்டது என்று மேலாளர் சொன்னார். வாய் திறக்க வேண்டாம் என்று அவருக்கு அரட்டைப் பெட்டியில் ஒரு வரி வந்தது. ஏழு மாதம் கழித்து அவர் பதவி விலகினார். சேர்ந்த இடத்தில் சம்பளம் அதிகம்தான். ஆனால் அவர் போக முடிவெடுத்தது அந்த அழைப்பில்தான் என்பதை, பக்கத்து இருக்கையில் இருந்த நான் அறிவேன்.

திட்ட மேலாளர்களுக்கான ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு 1969இல் தொடங்கப்பட்டது. அதன் நெறிமுறைக் கோவை பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை என்ற நான்கை அடிப்படையாகச் சொல்கிறது. அதற்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டுதான் அது தரும் பிஎம்பி என்ற திட்ட மேலாளர் சான்றிதழை ஒருவர் வாங்குகிறார். நான் சொன்ன மேலாளரிடமும் அந்தச் சான்றிதழ் இருந்தது. அந்த ஒரு வண்ண மாற்றத்திலும் அதைத் தொடர்ந்த ஒரு பொய்யிலும் அந்த நான்கும் போய்விட்டன.

சரி, ஊதியத்துக்கே வருகிறேன். ஊதியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் எங்கள் அணிக்கும் உண்டு. ஆனால் ஏப்ரல் மாத மதிப்பீட்டின்போது ஓர் ஊழியரிடம் "உன் வேலையில் குறையே இல்லை, இந்த ஆண்டு பட்ஜெட்தான் இல்லை" என்று சொன்ன அதே நிர்வாகம், அவர் ஜூனில் விலகல் கடிதம் கொடுத்த மூன்றாம் நாள் முப்பது விழுக்காடு கூட்டித் தருகிறோம், இரு என்கிறதே, அப்படியானால் ஏப்ரலில் சொன்னது என்ன? புதிதாக வருபவருக்கு அதிகச் சம்பளம் பேசி, அவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பை மட்டும் குறைந்த சம்பளத்தில் இருக்கும் பழையவரிடம் விடுகிறார்களே, அதைப் பணப் பிரச்சினை என்பதா, நியாயப் பிரச்சினை என்பதா? எதிரணி நண்பர் பணம் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி, தன்னிடம் பொய் சொல்லப்பட்டது என்று ஒருவர் கண்டுகொண்ட கணத்தின் விலை என்றே நான் கருதுகிறேன்.

இன்னும் சிறியதாகத் தோன்றும் பொய்களும் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவரிடம் நேரப் பதிவேட்டில் எட்டு என்றே எழுதச் சொல்வது. இரண்டாண்டு அனுபவம் உள்ளவரை ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர் என்று வாடிக்கையாளரிடம் காட்டுவது. ஏழு மாதம் ஆகும் என்று குழு சொன்ன வேலையை நான்கு மாதத்தில் தருவதாக விற்பனைப் பிரிவு வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த நான்கு மாதக் கணக்கைக் குழுவே போட்டது போல ஆவணத்தில் எழுதுவது. ஒவ்வொன்றிலும் கையெழுத்து கீழே இருப்பவருடையது. அந்தக் கையெழுத்துத்தான் ஒரு மனிதரை முதலில் அரிக்கிறது.

போகிறவர் போனபின் என்ன நடக்கிறது? தொண்ணூறு நாள் அறிவிப்புக் காலத்தின் கடைசி இரண்டு வாரத்தில் அவசர அவசரமாக ஒரு கேடி, அதாவது அறிவைக் கைமாற்றும் கூட்டங்கள் நடக்கும். இரவு இரண்டு மணிக்கு ஓடும் அந்த ஒரு நிரல் மாதக் கடைசி நாளில் மட்டும் ஏன் நின்றுபோகிறது, அதை எப்படிக் கையால் எழுப்ப வேண்டும் என்பது எந்தக் கோப்பிலும் இராது. போனவர் தலைக்குள் இருந்தது, போய்விட்டது. நிர்வாகம் இரண்டு பேரை உடனே சேர்க்கும். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆளைச் சேர்த்தால் தாமதம் கூடும் என்று ஐபிஎம் நிறுவனத்தின் பெரும் திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெட் ப்ரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். ஐந்து பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ள 10 இணைப்புகள் போதும். பத்துப் பேர் ஆனால் 45 வேண்டும். தாமதம் கூடியதும் அறிக்கைக்கு மறுபடி பச்சை பூச வேண்டியிருக்கும், அதைப் பூசச் சொல்லப்படும் அடுத்த பிள்ளை அடுத்த விலகல் கடிதத்தை எழுதத் தொடங்கியிருக்கும். ஊதியத்தை மட்டும் கூட்டி இந்தச் சுழலை நிறுத்திவிடலாம் என்று நண்பர் நம்புகிறாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கடைசியாக, போகிறவர்களே "நல்ல வாய்ப்பு, கூடுதல் சம்பளம்" என்றுதானே எழுதித் தருகிறார்கள் என்று நண்பர் கேட்டார். அந்தப் பெண்ணின் கடைசி நாளில் நான் உடன் இருந்தேன். மனிதவளப் பிரிவின் படிவத்தில் விலகும் காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பணிவிடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் இன்னும் கைக்கு வரவில்லை. புதிய நிறுவனம் பின்னணி விசாரணைக்கு இந்த அலுவலகத்தைத்தான் அழைக்கும். விசாரிக்கும்போது பதில் சொல்லப் போவது யார் என்று அவருக்குத் தெரியாது. "உண்மைய எழுதவா அக்கா?" என்று என்னைக் கேட்டார். எழுது என்று சொல்லும் தைரியம் எனக்கு அன்று இல்லை. அது இன்றுவரை என்னை உறுத்துகிறது. அவர் "கூடுதல் ஊதியம்" என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். நடுவர் அவர்களே, நண்பர் சான்றாகக் காட்டுவது அந்தப் படிவத்தையும் அதைப் போன்ற படிவங்களையும்தான். அவற்றை வைத்து இன்றைய தீர்ப்பை எழுதிவிட வேண்டாம் என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.