சும்மா கிடைக்கிற மென்பொருளும் காசுக்கு வாங்குவதும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு மென்பொருள் போட்டுக்கொடுப்பது என் தொழில். போகிற இடமெல்லாம் முதலில் கேட்பது இதைத்தான்: "ஃப்ரீயாவே கிடைக்குதாமே தம்பி, அப்புறம் எதுக்கு நாங்க காசு கொடுக்கணும்?" நியாயமான கேள்வி. பதில்தான் கடைக்குக் கடை மாறும்.

இலவசம் என்று நம் ஊரில் ஓடுவது மூன்று ரகம். மூல நிரலையே, அதாவது மென்பொருளை எழுதிய வரிகளையே, யாரும் பார்க்கவும் மாற்றவும் திறந்து தருவது ஒன்று. மும்பையிலிருந்து வரும் தொழில் நிர்வாக மென்பொருள் இஆர்பிநெக்ஸ்ட், கடிதம் அடிக்க நாம் வைத்துக்கொள்ளும் லிப்ரே ஆபீஸ் எல்லாம் அந்த ரகம். செய்தவர் நாளைக்கே விட்டுவிட்டுப் போனாலும் உங்களிடம் இருக்கும் பிரதி ஓடும். இன்னொன்று, காசு வாங்குகிற கம்பெனியே கொஞ்சத்தைச் சும்மா கொடுத்துப் பழக்குவது. ஸூம் கூட்டம் 40 நிமிஷத்தில் அறுந்துவிடும்; அலுவலக ஆட்கள் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும் ஸ்லாக்கில் 90 நாளுக்கு முந்திய பேச்சு கண்ணில் படாது. மூன்றாவது ரகத்தை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள்: கிராக் போட்டது, அதாவது காசு மென்பொருளின் பூட்டை உடைத்துத் திருட்டுத்தனமாக ஓட்டுவது. அதை ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அதற்கப்புறம் அந்த கம்ப்யூட்டருக்குள் என்னென்ன புகுந்தது என்று சொல்ல என்னால் ஆகாது. அந்த வேலைக்கு நான் போவதுமில்லை.

ஒரு பாத்திரக் கடையில் டேலி என்கிற கணக்கு மென்பொருளை எஜுகேஷனல் மோடிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். படிக்கிற பிள்ளைகள் பழகுவதற்கென்று உள்ள வசதி அது. மாதத்தில் 1, 2, 31 என்று சில தேதிகளில் மட்டும்தான் வவுச்சர், அதாவது வரவு செலவுப் பதிவு, போட விடும். பதினைந்தாம் தேதி விற்ற பித்தளைக் குடமும் இருபதாம் தேதி விற்ற எவர்சில்வர் தூக்கும் ஒன்றாம் தேதியிலேயே உட்கார்ந்திருந்தன. நிஜத் தேதியைக் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு பில்லின் மூலையிலும் பென்சிலால் குறித்துவைத்திருந்தார். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற சமயம் அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எக்ஸெல்லில் மறுபடி அடிக்க வேண்டும். ராத்திரி பத்து, பதினொன்று ஆகும். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஆகவே முதலாளி கணக்கில் அது இலவசமாகவே தெரிந்தது.

அதற்காக எல்லோரும் காசைக் கொட்டவேண்டும் என்று சொல்ல வரவில்லை. தேவகோட்டையில் ஓர் ஆச்சி மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறார். மகன் பெரிய பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆர்டருக்கு வாட்ஸாப் பிசினஸ், பில்லுக்கு நம் ஜோஹோவின் இன்வாய்ஸ், இரண்டுமே காசில்லாமல் கிடைப்பவை. பில்லை அரசுத் தளத்தில் பதிகிற இ-இன்வாய்ஸ் கட்டாயம்கூட ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்குத்தான், 2023 ஆகஸ்ட் 1 முதல். அப்படித் தாண்டியவர்களிலும் நாளுக்கு நாலைந்து பில் போடுகிறவர் மத்திய அரசின் கணினி அமைப்பான என்ஐசி தருகிற இலவசக் கருவியிலேயே போட்டுக்கொள்ளலாம். அதற்கென்று ஒன்றை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

பிரைவேட் லிமிடெட் என்று பதிவு செய்தவர்கள் கதை வேறு. 2023 ஏப்ரல் 1 முதல், பதிந்த கணக்கை எப்போது, என்னவென்று மாற்றினோம் என்கிற தடத்தை மென்பொருளே பதிந்துவைக்க வேண்டும்; அந்தத் தடத்தை யாரும் நிறுத்திவைக்க முடியக்கூடாது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் உள்ள விதி. வெறும் எக்ஸெல் தாளில் கணக்கு வைக்கிறவருக்கு அங்கே இடமில்லை. ஒரே ஆள் சொந்தமாக நடத்தும் கடை, பார்ட்னர்ஷிப் கடைக்கு இந்த விதி கிடையாது. ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

நிஜமாகவே தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியது நடுத்தரத் தொழில்தான். ஆத்தங்குடி டைல் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்கிற கல்; ஒரே தடவையில் செய்கிற தொகுதியை ஈடு என்போம், ஈட்டுக்கு ஈடு நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒரு வீட்டு முகப்புக்குப் போகிற கல்லெல்லாம் ஒரே ஈட்டிலிருந்து போனால்தான் தரை ஒன்றுபோல் இருக்கும். எந்த ஈட்டில் எத்தனை கல் மீதி என்று சொல்லுகிற மென்பொருள் வேண்டும். ஓடூ என்கிற தொழில் நிர்வாக மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே விற்பனை, கொள்முதல், சரக்கிருப்பு எல்லாம் உண்டு, ஈடு பிரித்துப் பார்க்கலாம். முழுக் கணக்கு எழுதும் பகுதிதான் காசு கட்டும் பதிப்பில். அடுத்த பதிப்புக்கு மாறும்போதும் காசு கட்டியவருக்குக் கம்பெனி மாற்றித் தரும், மற்றவர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இஆர்பிநெக்ஸ்டில் அந்தப் பிரிவினையே இல்லை, எல்லாம் திறந்ததுதான். ஆனால் சர்வர், பேக்கப், அப்டேட் மூன்றும் உங்கள் தலையில். நான் பார்த்த ஒரு பட்டறையில் அண்ணன் மகன் நன்றாகவே போட்டுக்கொடுத்திருந்தார். அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துப் போன பிறகு, ஒரு நாள் டிஸ்க் நிரம்பி பில் போட முடியாமல் நின்றது. அவர் வேலை முடிந்து போனை எடுக்கும்வரை லோடு ஏற்றிய லாரியும் வாசலில் நின்றது. இப்போது மாதக் கட்டணம் கட்டி ஹோஸ்டிங்கில், அதாவது வேறொரு கம்பெனி பார்த்துக்கொள்ளும் சர்வரில், வைத்திருக்கிறார்கள். மென்பொருளுக்கு இன்றைக்கும் காசில்லை. கூப்பிட்டால் வருகிற ஆளுக்குத்தான் காசு. எனக்கு இது சரியான செலவாகப் படுகிறது.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில் நம் ஊர் முதலாளிகள் பர்மாவிலும் மலாயாவிலும் கடையை மேலாள் என்கிற நிர்வாகி பொறுப்பில் விட்டார்கள். மேலாள் மாறுவார், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அடுத்தாள் அந்த இடத்துக்கு வருவார். பேரேடு கடையோடு இருக்கும். மென்பொருளையும் நான் மேலாளாகத்தான் பார்க்கிறேன். இலவச மேலாளா, சம்பள மேலாளா என்பது அப்புறம். போகிறபோது பேரேட்டை வைத்துவிட்டுப் போவாரா என்று முதலில் கேட்கவேண்டும்.

ஏனென்றால் மென்பொருள் தருகிற கம்பெனி வைக்கும் விதி மாறும். சொந்தப் பெயரில் மின்னஞ்சல் வைத்துக்கொள்ள கூகுள் ஒரு காலத்தில் சும்மாவே இடம் கொடுத்தது. 2012 டிசம்பரோடு புதியவர்களுக்கு நிறுத்தியது. 2022-ல் பழையவர்களிலும் தொழிலுக்குப் பயன்படுத்துகிறவர்கள் காசு கட்டும் திட்டத்துக்கு வரவேண்டும் என்றது. மென்பொருள் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் டாக்கர் டெஸ்க்டாப் 2021-ல், 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனிக்கும், ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலரைத் தாண்டும் கம்பெனிக்கும் இலவசமில்லை என்று அறிவித்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர்களும் தொழில்தானே நடத்துகிறார்கள். காசு கட்டினாலும் இது தீராது. அடுத்த வருஷப் புதுப்பிப்பில் கட்டணத்தை ஏற்றினால், கணக்கு அவர்களிடம் சிக்கியிருக்கிறவர் பேசாமல் கட்டுவார்.

வாங்குமுன் ஒன்று செய்யுங்கள். சோதனைக்குக் கொடுக்கும்போது ஒரு மாத பில்லை முழுக்கப் போட்டுப் பாருங்கள். பிறகு விற்க வந்தவரை வைத்துக்கொண்டே அத்தனையையும் எக்ஸெல்லில் இறக்கச் சொல்லுங்கள். பார்ட்டி பெயர், பழைய பாக்கி, சரக்கிருப்பு மூன்றும் முழுசாக வருகிறதா என்று உங்கள் கணக்குப்பிள்ளை பார்க்கட்டும், நீங்கள் பார்க்க வேண்டாம். "அதெல்லாம் கேட்டா நாங்க எடுத்துத் தருவோம் சார்" என்று இழுத்தால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள். புது மென்பொருளை ஏப்ரல் 1-ல் தொடங்குங்கள், ஜூன் வரைக்கும் பழையதையும் சேர்த்தே ஓட்டுங்கள். இரட்டை வேலை என்று கணக்குப்பிள்ளை முணுமுணுப்பார். அந்த மூன்று மாதத்துக்கு அவருக்கு மேற்படி ஏதாவது போட்டுக் கொடுங்கள்.

வணக்கம்.