ராஜாவே ரத்து பண்ணின கல்யாணம்! 'தி டேனிஷ் கேர்ள்' சொல்லாம விட்ட கதை

கல்யாணம் ஆகி 26 வருஷம் ஆன ஒரு ஜோடி. 1930 அக்டோபர்ல டென்மார்க் ராஜா பத்தாம் கிறிஸ்டியன், "இந்தக் கல்யாணம் செல்லாது"ன்னு உத்தரவு போடுறார். ஏன்னா, சட்டப்படி இப்போ ரெண்டு பேருமே பெண்கள்!

வணக்கம் மக்களே! 2015-ல டாம் ஹூப்பர் டைரக்‌ஷன்ல வந்த 'தி டேனிஷ் கேர்ள்' இவங்க கதைதான். கணவரா இருந்து அப்புறம் பெண்ணா மாறின லில்லி எல்பே, மனைவி கெர்டா வெகெனர், ரெண்டு பேருமே ஓவியர்கள். கோபன்ஹேகன்ல ஓவியம் படிக்கும்போது பழக்கம், 1904-ல கல்யாணம். பேக்ரவுண்ட் போதும், மேட்டருக்கு வருவோம்.

ஒருநாள் கெர்டாவுக்கு போஸ் குடுக்க வேண்டிய நடிகை வரல. காலை மட்டும் வரைஞ்சு முடிக்கணும். சரி, வீட்லயே ரெண்டு கால் இருக்கேன்னு, கணவருக்கு ஸ்டாக்கிங்ஸையும் ஹீல்ஸையும் மாட்டி உக்கார வெச்சிட்டாங்க. லில்லிங்கிற பேரு வந்தது அதுக்கப்புறம்தான்.

படத்துல இது 1926-ல, கோபன்ஹேகன்ல நடக்கும். நிஜத்துல 1912-லயே ரெண்டு பேரும் பாரிஸுக்குக் குடிபோயாச்சு! அங்க கெர்டா வரைஞ்சு தள்ளுறாங்க. பாதாம் கண்ணு, குட்டையா வெட்டின முடி, சிவந்த உதடு. 1920-ல வரைஞ்ச ஒரு படத்துல கையில இறகு விசிறி வேற. எல்லாம் லில்லிதான்! ஃபேஷன் பத்திரிகைகள்ல கெர்டாவோட படங்கள் வருது, 1925 பாரிஸ் கண்காட்சில தங்கப் பதக்கமும் வாங்குறாங்க. வெளியாளுங்க வந்தா, "இவ என் வீட்டுக்காரரோட தங்கச்சி"ன்னு கூசாம அறிமுகம் வேற! லில்லி வரைஞ்சது ஆறு, கடல், வானம். கெர்டா வரைஞ்சது லில்லியை. கூடவே நின்னு இருபது வருஷம் வரைஞ்ச இந்த கெர்டாவைப் படம் பாதி நேரம் கண்ணீரும் தியாகமுமா காட்டுது. எனக்கு அங்கதாங்க கடுப்பு.

நடிப்புல குறை சொல்ல முடியாது. கெர்டாவா நடிச்ச அலிசியா விகாண்டர் படம் பூரா வருவாங்க, ஆனா ஆஸ்கர் குடுத்தது "துணை நடிகை"ன்னு! இந்த லாஜிக் எனக்குப் புரியல.

சைடுல ஒண்ணு. லில்லி சொந்த ஊர்னு படத்துல பிரம்மாண்டமா மலை காட்டுவாங்க. டென்மார்க்ல ஏதுங்க மலை? அந்த நாட்டோட உச்சியே 171 மீட்டர்தான். நார்வேல போய் ஷூட் பண்ணிட்டு வந்துட்டாங்க!

லில்லி பெண்ணா மாற, படத்துல ரெண்டு ஆபரேஷன், கடைசி வரைக்கும் கெர்டா பக்கத்துலயே இருப்பாங்க. நிஜத்துல ஆபரேஷன் நாலு. கெர்டா 1931-ல ஒரு இத்தாலிய ராணுவ அதிகாரியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. லில்லிக்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் மேல காதல். குழந்தை பெத்துக்கணும்னு ஆசை. அதனால ஜெர்மனி டிரெஸ்டன்ல, டாக்டர் வார்னெக்ரோஸ்கிட்ட, கர்ப்பப்பை மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் துணிஞ்சாங்க. உடம்பு ஏத்துக்கல. 1931 செப்டம்பர் 13-ல இறந்துட்டாங்க, வயசு 48. மாற்றுக் கர்ப்பப்பையில வளர்ந்த முதல் குழந்தை உலகத்துல எப்போ பொறந்துச்சு தெரியுமா? 2014-ல, ஸ்வீடன்ல! படம் ரிலீஸுக்கு முந்தின வருஷம். இப்படி ஒரு விஷயத்தை விட்டுட்டு எப்படிங்க ஸ்கிரிப்ட் எழுதினாங்க?

லில்லியா நடிச்ச எடி ரெட்மெய்ன் 2021-ல, அந்த ரோலை எடுத்தது தப்புன்னு அவரே சொல்லிட்டார். அப்போ ஒரு திருநங்கையே நடிச்சிருக்கணுமா? உங்க கருத்தை கமெண்ட்ல போடுங்க. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க, லில்லியை வேண்டாம். அப்படியே அந்த சப்ஸ்கிரைப் பட்டனையும் ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க!