கெணத்துல ஒரு குறி போட்டு வைங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பூமிக்கடியில சுரங்கம் தோண்டப்போறோம்னு ஒரு திட்டம் வந்தா, ஆத்தோரத்துல தண்ணிய எங்க, எப்ப அளக்கணும்? இத மட்டுந்தான் இன்னைக்குப் பேசப்போறேன். நமக்கெதுக்குன்னு நினைக்காதீங்க, நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல உத்தரகோசமங்கை, போகலூர் பக்கமெல்லாம் ஆழத்துல பழுப்பு நிலக்கரி கெடக்குன்னு துளை போட்டுப் பாத்து கணக்குல ஏத்தியிருக்காங்க. தோண்டுவாங்களா மாட்டாங்களாங்கிறது வேற பேச்சு.

"வைகையும் குண்டாறும் காஞ்சு கெடக்கு, அதுல என்னத்த அளக்க?"ன்னு என்கிட்ட நிறைய பேரு கேக்குறாங்க. மேலதாங்க காஞ்சிருக்கு, மணலுக்குள்ள தண்ணி இருக்கு. கடக்கரை ஊர்கள்ல நம்ம பொம்பளைக மணல்ல குழி பறிச்சு, ஊத்து ஊற ஊற சிரட்டையால மோந்து குடத்துல ஊத்துறத நீங்க பாத்திருப்பீங்க, அந்த மாதிரி தண்ணியத்தான் சொல்றேன்.

சுரங்கத்துக்குள்ள ஆளு வேலை பாக்கணும்னா தண்ணிய இறைச்சுக்கிட்டே இருக்கணும். நெய்வேலில நிலக்கரிக்கு அடியில அழுத்தத்தோட நிக்கிற தண்ணிய ராப்பகலா இறைக்கிறாங்க, இல்லாட்டி தரையப் பொத்துக்கிட்டு வந்துரும். அது திறந்தவெளிச் சுரங்கம். அடிச்சுரங்கம்னா இன்னொன்னும் சேருது, நிலக்கரிய எடுத்த எடத்துல மேல்பாறை இறங்கி வெடிப்பு விடும், அந்த வெடிப்பு ஆத்துக்கு அடி வரைக்கும் வந்துச்சுன்னா ஆத்துக்குத் தண்ணி குடுத்துக்கிட்டிருந்த நிலமே ஆத்துத் தண்ணிய உறிஞ்ச ஆரம்பிச்சிரும்.

அதனால ஆத்தோரத்துல ஒரு எடத்துக்கு தண்ணி மட்டம் அளக்குற குழாய் ஒண்ணு பத்தாது, ரெண்டு வேணும். பக்கத்துப் பக்கத்துல, ஒண்ணு மேலாப்புல, ஒண்ணு ஆழத்துல, ரெண்டு தண்ணியும் கலக்காம களிமண் வச்சு அடைச்சு. எதுல மட்டம் ஒசரமா நிக்குதோ அங்கயிருந்து மத்ததுக்குத் தண்ணி போகுதுன்னு அர்த்தம். மோட்டார் ஓடுற போர்ல அளந்துட்டு வராதீங்க, அது மோட்டாரோட கணக்கத்தான் சொல்லும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன், குறி. ஒரு ஊர்ல கெணத்துச் செவர இடிச்சுட்டு ரெண்டடி ஒசத்திக் கட்டிட்டாங்க. அளக்க வர்ற தம்பி எப்பவும்போல செவத்து மேல நின்னு டேப்ப விட்டாரு, டேப் நுனியில சாக்பீஸ் தடவி, நனைஞ்ச எடத்தப் பாத்து, நோட்டுல எழுதிட்டாரு. அந்த மாசம் தண்ணி ரெண்டடி எறங்கிருச்சுன்னு ஊரே பதறிப்போச்சு. கெணத்துக்குள்ள எட்டிப்பாத்த ஒரு பெரியவருதான், "தம்பி, பாசி புடிச்ச கோடு அதே கல்லுலதான இருக்கு"ன்னாரு! தண்ணி எறங்கல, செவருதான் ஏறியிருக்கு. அதான் சொல்றேன், எங்கயிருந்து அளக்குறோம்னு அழியாத பெயிண்ட்ல ஒரு குறி போடுங்க, அது கடல் மட்டத்துக்கு எவ்வளவு மேலன்னு சர்வே பண்ணி எழுதுங்க, ஆத்துக்குள்ள நடுற அளவுகோலையும் அதே கணக்குல வைங்க. குறி இல்லாத அளவ வச்சு நாளைக்கு எந்த ஆபீசுலயும் நீங்க வாதாட முடியாது, திரும்பவும் சொல்றேன், முடியாது.

எப்ப ஆரம்பிக்கணும்? சுரங்கத்துக்கு முன்னாடி! கொறைஞ்சது ரெண்டு ஐப்பசி கார்த்திகை மழையும் ரெண்டு சித்திரை வெயிலும் பாத்திருக்கணும். ஒரு வருசம் கம்மா நெறையும், மறு வருசம் தரை வெடிக்கும், ஒத்த வருச அளவ வச்சு எது இயல்புன்னு சொல்ல முடியுமா? அப்புறம், சுரங்கம் எட்டாத தூரத்துல அதே மாதிரி மண்ணுல ஒரு கெணத்தையும் சேத்து அளக்கணும். ரெண்டும் எறங்குனா மழை இல்லன்னு சொல்லலாம், கிட்டத்துல மட்டும் எறங்குனா சுரங்கத்தக் கேக்கலாம்.

தம்பி கையக் காட்டுறாரு, நேரம் ஆயிருச்சாம். உப்பப் பத்தித்தான் நிறைய வச்சிருந்தேன், ரெண்டு வரியில சொல்லிர்றேன். கடலோரத்துல நல்ல தண்ணி கடல் மட்டத்துக்கு 1 மீட்டர் மேல நின்னா, கீழ சுமார் 40 மீட்டர் வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு, அப்ப மேல கொஞ்சம் எறங்குனாலும் கீழ உப்பு எவ்வளவு ஏறும்னு பாத்துக்கங்க. அதனால மட்டத்தோட சேத்து உப்பையும் மாசாமாசம் உப்பு அளக்குற கருவியில பாருங்க, கடல் ஏறி வத்துறப்ப கரையோரக் கெணத்துல மட்டமும் ஆடும், அதனால மணியையும் எழுதுங்க. அந்த நோட்டுக்கு ஒரு நகல் பஞ்சாயத்து ஆபீசுல இருக்கணும், கம்பெனிக்காரங்க கையில மட்டும் இருக்கக் கூடாது. வணக்கம்ங்க.