ஓவியர் வகுப்பெடுத்தால் என்ன நடக்கும்? பரோடா நுண்கலைப் புலத்தின் கதை

(திரையில்: காலியான ஓவிய வகுப்பறை. ஓவியப் பலகை தாங்கிகள், வண்ணம் சிந்திய தரை.)

மருத்துவக் கல்லூரி தொடங்க வேண்டுமானால் கூடவே ஒரு மருத்துவமனை வேண்டும். காலையில் வார்டில் நோயாளியைப் பார்த்த அதே டாக்டர்தான் மதியம் மாணவருக்குப் பாடம் நடத்துகிறார். இதை நாம் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஓவியக் கல்லூரிக்கு வரும்போது மட்டும் இந்த நியாயம் நமக்கு மறந்துபோகிறது. பாடம் நடத்துபவர் இப்போது படம் வரைகிறாரா, அவர் வரைவதை மாணவர் பார்க்க முடிகிறதா என்று யாரும் கேட்பதே இல்லை.

அதைக் கேட்டுப் பார்த்த ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் இந்த வீடியோ.

(திரையில்: இந்திய வரைபடம். குஜராத், வடோதரா.)

குஜராத்தில் உள்ள வடோதரா, நாம் பரோடா என்று சொல்லிப் பழகிய ஊர். அங்கே 1949-ல் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதற்குள் ஒரு நுண்கலைப் புலம் வந்துவிட்டது. முதல் துணைவேந்தர் ஹன்சா மேத்தா. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கிய ஆணையத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவர் அவர்.

சென்னை, கொல்கத்தா, மும்பை ஆகிய ஊர்களில் ஓவியப் பள்ளிகள் அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முன்பிருந்தே இருந்தன. ஆனால் அவை ஆங்கிலேயர் காலத்தில், பெரும்பாலும் கைத்தொழில் பயிற்சியை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டவை. படித்து முடித்தால் டிப்ளமோ கிடைக்கும். பரோடாவில் இயற்பியலும் வரலாறும் படிப்பவர்களைப் போலவே ஓவியம் படிப்பவருக்கும் பல்கலைக்கழகப் பட்டம் என்று முடிவானது. கலை வரலாறும் அங்கே ஒரு முழுத் துறையாக வளர்ந்தது.

சரி, பட்டம் கொடுக்கலாம். யார் சொல்லிக்கொடுப்பது?

முதல் டீன் மார்கண்ட் பட் அமெரிக்காவின் பார்ன்ஸ் ஃபவுண்டேஷன் என்ற கலைக்கல்வி நிறுவனத்தில் பயின்றவர். ஓவியத்துக்கு என். எஸ். பேந்த்ரே வந்தார். இந்தோரிலிருந்து வந்தவர், அப்போது வயது 40, ஏற்கெனவே பெயர் பெற்ற ஓவியர். சிற்பத்துக்கு சங்கோ சௌத்ரி. வங்காளத்தில் தாகூர் கல்வி நிலையம் நிறுவிய சாந்திநிகேதனில், சிற்பி ராம்கிங்கர் பைஜிடம் பயின்றவர். 1951-ல் இன்னொருவர் சேர்ந்தார். கே. ஜி. சுப்ரமணியன், வயது 27. இந்தக் கதையில் நான் அதிக நேரம் செலவிடப் போவது இவரிடம்தான்.

(திரையில்: சுப்ரமணியனின் புகைப்படம்.)

சுப்ரமணியன் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். வட கேரளத்தில் பிறந்து, மாஹேயில் வளர்ந்தவர். படிக்க வந்தது சென்னை மாநிலக் கல்லூரிக்கு, பொருளாதாரம். 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார். அதற்குப் பிறகு அரசுக் கல்லூரிகளில் படிக்க வழி இல்லாமல் போயிற்று. 1944-ல் சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலாபவனத்தில் சேர்ந்தார்.

பரோடாவில் நடந்தது புரிய வேண்டுமானால், கலாபவனத்தில் அவர் பார்த்தது என்ன என்று தெரிய வேண்டும்.

(திரையில்: சாந்திநிகேதன் ஹிந்தி பவனத்தின் சுவரோவியம்.)

சாந்திநிகேதன் வளாகத்தில் ஆசிரியர்களின் படைப்புகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. மாணவர் நடந்து போகிற பாதையில் நிற்கின்றன. ராம்கிங்கர் 1938-ல் செய்த 'சந்தால் குடும்பம்' சிற்பம் சிமெண்டும் செம்புரைக்கல் சரளையும் கலந்து திறந்தவெளியிலேயே எழுப்பப்பட்டது. வெண்கலத்துக்குப் பணம் இல்லை என்று அவர் காத்திருக்கவில்லை. கையில் கிடைத்த கட்டடப் பொருளில் செய்தார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்த மாணவருக்குப் பொருள் தேர்வு பற்றி ஒரு பருவம் முழுக்க விரிவுரை நடத்தினாலும் அவ்வளவு விளங்காது.

அதே வளாகத்தின் ஹிந்தி பவனத்தில், கலாபவன ஆசிரியர் பினோத் பிகாரி முகர்ஜி 1946-47-ல் இடைக்கால பக்தர்களின் வாழ்க்கையைச் சுவரோவியமாக வரைந்தார். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரையும் முறை அது. பூச்சு காய்வதற்குள் அன்றைய பகுதியை முடித்தாக வேண்டும். திருத்த நேரம் கிடையாது. பினோத் பிகாரிக்குச் சிறு வயதிலிருந்தே பார்வை மிகவும் குறைவு. முழு அளவு வரைபடத்தைச் சுவரில் பதித்துக்கொள்ளாமல், நேரடியாகவே வரைந்தார். அவருக்கு உதவியாக நின்ற மாணவர்களில் ஒருவர் சுப்ரமணியன்.

ஒரு ஆசிரியர் தயங்குவதையும், தடுமாறுவதையும், அந்த இடத்திலேயே ஒரு உருவத்தைத் தள்ளி வைப்பதையும் கையில் சுண்ணாம்போடு நின்று பார்த்திருக்கிறார் அந்த மாணவர். அதைத்தான் அவர் பரோடாவுக்குக் கொண்டுபோனார். ஓவியர் ஆசிரியராக வருவதில் மாணவருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நுட்பத்தைப் புத்தகத்திலும் ஓரளவு படித்துவிடலாம். பாதியில் நிற்கும் படைப்பின் முன்னால் ஒருவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்துதான் பார்க்க முடியும்.

(திரையில்: கைத்தறி, மரப் பொம்மைகள், சுடுமண் ஓடுகள்.)

1959-ல் சுப்ரமணியன் பரோடாவை விட்டு மும்பைக்குப் போனார். அகில இந்திய கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பிரிவின் துணை இயக்குநர் வேலை. இரண்டு ஆண்டுகள் நெசவாளர்களோடும் சாயக்காரர்களோடும் வேலை பார்த்துவிட்டு 1961-ல் திரும்பி வந்தார். பல்கலைக்கழகம் அவரைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டது.

வகுப்பில் இதன் விளைவு தெரிந்தது. ஓவியம் உயர்ந்தது, கைவினை தாழ்ந்தது என்ற பழைய தட்டு வரிசையை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சுடுமண், நார், தோல், கண்ணாடி, மரம் எல்லாமே சிந்திக்கும் பொருள்கள் என்று எடுத்துக்கொண்டார். 1963-ல் லக்னோவின் ரவீந்திராலயா கட்டடத்தின் வெளிச்சுவருக்கு, தாகூரின் நாடகம் ஒன்றை வைத்து, சுடுமண் ஓடுகளால் பெரிய சுவர்ச் சிற்பம் செய்தார்.

அந்தக் காலத்தில் பரோடாவில் நுண்கலைச் சந்தை என்று ஒன்று தொடங்கியது. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பொம்மை, முகமூடி, பொம்மலாட்டப் பாவை, சின்னச் சின்ன அச்சுப் படங்கள் செய்து ஊர் மக்களுக்கு விற்பார்கள். சுப்ரமணியன் இதற்காக மரத்திலும் தோலிலும் மணிகளிலும் செய்த பொம்மைகளை இன்றைக்கும் கலை ஆர்வலர்கள் தேடிப் பார்க்கிறார்கள். டிசைன் படிக்கும் மாணவருக்கு இதில் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விலை வைக்க வேண்டும், குழந்தையின் கையில் உடையாமல் இருக்க வேண்டும், ஒரே மாதிரி பத்து செய்ய வேண்டும், வாங்க வந்தவர் முகம் சுளித்தால் அதையும் நேரில் பார்க்க வேண்டும். அதுவும் தன் பேராசிரியருக்குப் பக்கத்துக் கடையில் நின்றுகொண்டு.

(திரையில்: மிருணாளினி முகர்ஜியின் சணல் சிற்பம்.)

இந்த வகுப்பறை யாரை உருவாக்கியது? ஒருவரை மட்டும் சொல்கிறேன். மிருணாளினி முகர்ஜி. பரோடாவில் ஓவியம் படித்துவிட்டு, சுப்ரமணியனிடம் சுவரோவிய வடிவமைப்பில் மேற்படிப்புப் படித்தார். இயற்கை நார்களை ஒரு ஊடகமாகக் கையாளும் பழக்கம் அங்கேதான் அமைந்தது. பிறகு சணல் கயிற்றைச் சாயம் தோய்த்து, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு, ஆளுயரத் தெய்வ உருவங்களை எழுப்பினார். அதுவரை கயிற்று முடிச்சு என்றால் வீட்டு அலங்காரம் என்றுதான் கலை உலகம் பெரும்பாலும் பார்த்தது. 2019-ல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளுக்கென்று ஒரு முழுக் கண்காட்சியை நடத்தியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மிருணாளினி, பினோத் பிகாரி முகர்ஜியின் மகள். தன் குருவிடம் சுவரருகே நின்று கற்றதை, சுப்ரமணியன் அந்தக் குருவின் மகளுக்கே சொல்லிக்கொடுத்தார்.

(திரையில்: வளாகத்தின் நடைவழி. அடுத்தடுத்த ஸ்டூடியோ கதவுகள்.)

இப்போது ஒரு நியாயமான பயம் வரும். பெரிய ஓவியரிடம் படித்தால் மாணவர் அவரையே காப்பி அடிக்க மாட்டாரா?

அடிப்பார். அது நிஜமான ஆபத்து. ஒரே ஒரு பெரிய ஆளை மட்டும் வைத்து நடக்கும் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு மாணவர் எல்லோருடைய படமும் ஒரே கையால் வரைந்தது போல இருப்பதைப் பார்க்கலாம். பரோடா இதிலிருந்து பெருமளவு தப்பியதற்குக் காரணம், அங்கே இருந்த ஆசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத வேலைகளைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஜெராம் படேலை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் எழுத்துரு வடிவமைப்பும் விளம்பர வடிவமைப்பும் படித்தவர். பயன்பாட்டுக் கலைத் துறையில் ஆசிரியர். தன் சொந்த வேலைக்கு வந்தால் பிளைவுட் பலகையை, தீச்சுடரைப் பாய்ச்சும் புளோடார்ச் வைத்து எரித்து, கரிந்த குழிகளையே படமாக்கினார். ஜோதி பட், இத்தாலியின் நேப்பிள்ஸிலும் நியூயார்க்கின் பிராட் நிறுவனத்திலும் பயின்று திரும்பிய அச்சு ஓவியர். 1967 முதல் கேமராவோடு கிராமம் கிராமமாகப் போய், பெண்கள் சுவரிலும் தரையிலும் வரையும் கோலங்களைப் படம் பிடித்தார். அவற்றில் பல இன்று அந்தப் படங்களில் மட்டுமே இருக்கின்றன. குலாம்முகமது ஷேக் ஒரே நேரத்தில் ஓவியரும் குஜராத்திக் கவிஞரும். முதலில் கலை வரலாறு கற்பித்தார், பிறகு ஓவியப் பேராசிரியர் ஆனார். அவர் படங்களில் ஊரும் தெருவும் கதையும் நிறைந்திருக்கும்.

அதே வளாகத்தில் நஸ்ரீன் முகமதி. கராச்சியில் பிறந்து, லண்டனில் படித்து, 1972-ல் பரோடாவில் ஆசிரியராகச் சேர்ந்தவர். அவர் படத்தில் ஊர் இல்லை, உருவம் இல்லை, பெரும்பாலும் வண்ணமே இல்லை. மையிலும் பென்சிலிலும் போட்ட மெல்லிய கோடுகள் மட்டும். பிற்காலத்தில் நரம்பு நோய் வந்து உடல் கட்டுப்பாடு குறைந்துகொண்டே போனபோதும் கோட்டின் துல்லியத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1990-ல் இறக்கும்வரை அங்கே கற்பித்தார்.

காலையில் ஷேக்கின் வகுப்பு, மதியம் நஸ்ரீனின் வகுப்பு என்று போகிற ஒரு மாணவர் யாரைக் காப்பி அடிப்பார்? இருவரையும் சேர்த்து அடிக்க முடியாது. தானாக ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

இந்த சூழல் வளாகத்துக்கு வெளியிலும் ஆட்களை இழுத்தது. சார்ட்டர்ட் அக்கவுண்டன்டான பூபேன் கக்கர் 1962-ல் கலை விமர்சனம் படிக்க பரோடாவுக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டார். பகுதி நேரமாகக் கணக்கு எழுதிக்கொண்டே, இந்திய ஓவியத்தில் அதிகம் யாரும் தொடாத நடுத்தர வர்க்கத் தெருக்களை வரைந்தார்.

(திரையில்: சென்னை மெரினா, உழைப்பாளர் சிலை.)

நம் ஊரில் இது இல்லையா என்றால், இருந்தது. மெரினாவில் நாம் பார்க்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்தவர். அவருக்குப் பின் 1957-ல் முதல்வரான கே. சி. எஸ். பணிக்கர், 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். மாணவர்களும் ஆசிரியர்களும் மெழுகு பூசிச் சாயமிடும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியராக வாழ்வதற்கான வழி அது. சிற்பி தனபால் உட்பட இங்கே கற்பித்தவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு வீடியோ போட வேண்டும்.

(திரையில்: விதிமுறைப் பக்கங்கள்.)

இன்றைய நிலைமைக்கு வருவோம். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டுமானால் பொதுவாக முதுநிலைப் பட்டத்தோடு, தேசிய ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். கண்காட்சி அனுபவம் உள்ள ஓவியர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளில் தனியாக ஒரு வழி இருக்கிறது. 2022-ல் 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்ற ஏற்பாடும் வந்தது. துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ளவரை, பட்டம் கட்டாயமில்லாமல், பேராசிரியராக அழைக்கலாம். மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதம் வரை.

நல்ல ஏற்பாடுதான், வரவேற்கிறேன். ஆனால் அதில் அதிகபட்சக் காலம் மூன்று ஆண்டு, விதிவிலக்காக இன்னும் ஒன்று. பிஎஃப்ஏ என்ற இளநிலை நுண்கலைப் படிப்பே நான்கு ஆண்டு. சுப்ரமணியன் இடையில் போய் வந்ததைத் தவிர, 1980 வரை பரோடாவில் இருந்தார். நஸ்ரீன் 18 ஆண்டு. ஜோதி பட் முப்பது ஆண்டுகளுக்கும் மேல். ஓவியர்களை வருகைப் பேராசிரியராக அழைத்து, பொன்னாடை போர்த்தி, ஒரு வாரப் பட்டறை நடத்தி அனுப்புவதால் மட்டும் இது நடக்காது. நிரந்தர வேலை, வளாகத்துக்குள் வேலை செய்ய இடம், இரண்டு ஆண்டு வெளியே போய் வர அனுமதி, கண்காட்சி நடத்தியதை ஆராய்ச்சிக் கட்டுரைக்குச் சமமாக மதிக்கும் பதவி உயர்வு முறை. இவற்றைத்தான் கேட்க வேண்டும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

சுப்ரமணியன் 1980-ல் சாந்திநிகேதனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். அங்கே ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர்கள் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் சுவரோவியம் வரைந்தார். பல ஆண்டுகள் கழித்து, 80 வயதைத் தாண்டிய பிறகு, அதே சுவர்களில் மீண்டும் வரைந்தார்.

(திரையில்: மாணவர்களின் ஆண்டு இறுதிக் காட்சி.)

பிளஸ் டூ முடித்துவிட்டு கவின்கலைக் கல்லூரி தேடுபவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். விண்ணப்பம் போடும் முன், அந்தக் கல்லூரியின் ஆண்டு இறுதிக் காட்சிக்குப் போங்கள். சென்னையானாலும் கும்பகோணமானாலும் பரோடாவானாலும் சரி. இறுதி ஆண்டு மாணவர்களின் படங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றனவா என்று பாருங்கள். அப்புறம் ஒரு மாணவரைப் பிடித்து, "உங்க சார், உங்க மேடம் இப்ப என்ன வேலை பண்ணிட்டிருக்காங்க?" என்று கேளுங்கள். அவர் உங்களைக் கையோடு அழைத்துப்போய் ஒரு ஸ்டூடியோ கதவைத் தட்டினால், அந்தக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்குங்கள்.