ஏரிக்கு ஒரு வருடம் கொடுங்கள்

(வேலூரில் கல்லூரி மாணவர்களும் ஏரிப் பாதுகாப்புக் குழுவினரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளே நுழையும்போது வாசலில் மரக்கன்றுகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். எங்கே நடப்போகிறீர்கள் என்று கேட்டேன். "ஏரிக்குள்ளதாங்கய்யா நெறைய எடம் கெடக்குது" என்று ஒரு தம்பி சொன்னார். ஆர்வத்தோடு சொன்னார், அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இன்று நான் பேச வேண்டியது முழுக்க அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கிறது.

ஏரிக்குள் கிடப்பது தண்ணீர் வந்து உட்கார வேண்டிய இடம். வருடத்தில் பல மாதம் வெடித்துக் கிடக்கும், கிரிக்கெட் ஆடத் தோதாக இருக்கும். ஐப்பசியில் நான்கு நாள் மழை சேர்ந்தாற்போல் பிடித்தால் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அங்கே குறுங்காடு வளர்த்தால் தண்ணீருக்கான இடத்தை நாமே எடுத்துக்கொண்டதாக ஆகும். நல்ல மனதோடு செய்தாலும் ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதான். கன்றுகளை வேறு இடத்துக்குக் கொண்டு போவோம். ஏரிக்கு வேறு வேலை இருக்கிறது.

இந்த மாவட்டத்தில் இயற்கையைப் பேணுவது என்றால் முதலில் தண்ணீரைப் பேணுவதுதான். பழைய வட ஆற்காட்டின் பெரும்பகுதி கெட்டிப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. காவிரி டெல்டாவில் இருப்பது போல ஆழமான வண்டல் இங்கே கிடையாது. மேலே கொஞ்சம் மக்கிய பாறை, அதற்குக் கீழே பாறை வெடிப்பு, அவ்வளவுதான் நிலத்தடி நீருக்கு இடம். அதனால்தான் போர் போட்டுப் போட்டு நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே போயும் வெறும் புகை வருகிறது. மழையே இல்லை என்று சொல்லவும் முடியாது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவத்திலும் நமக்கு மழை உண்டு. பெய்கிறது, பாறை மேல் ஓடுகிறது, போய்விடுகிறது. ஓடுகிற தண்ணீரை வழியில் நிறுத்தி வைக்கத்தான் நம் முன்னோர் ஏரி வெட்டினார்கள்.

அரக்கோணம் பக்கம் மகேந்திரவாடிக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? மகேந்திரவர்ம பல்லவன் ஒரே பாறையில் குடைந்த கோயில் அங்கே இருக்கிறது. மகேந்திர தடாகத்தின் கரையில் இந்தக் கோயில் எடுக்கப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. 1,400 ஆண்டுக்கு முன்னால் வெட்டிய ஏரி. அதற்கும் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் இன்று வாலாஜா பக்கத்துப் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் போகிறது. அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் கட்டியது, ஏரி பல்லவர் காலத்தது. இத்தனை காலம் அந்தக் கரை நிற்கிறதென்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ மண் சுமந்து போட்டிருக்கிறார்கள்.

அந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கால்வாயைத் தூர் எடுக்க வேண்டும், கரையில் ஓட்டை அடைக்க வேண்டும். 1858இல் வெள்ளைக்காரன் அரசாங்கம் இந்த உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டது. ஊர் தானாகச் செய்து வந்ததைச் சட்டம் போட்டு வாங்கும் நிலை வந்தபோதே உள்ளுக்குள் ஏதோ முறிந்துவிட்டது என்பது என் கருத்து. பிறகு பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறைக்குப் போயின. நூறு ஏக்கருக்குக் குறைவாகப் பாசனம் உள்ளவை பஞ்சாயத்து ஒன்றியத்திடம் இருக்கின்றன. ஏரி சர்க்காருடையது என்ற எண்ணம் வந்தபின் ஊர்க்காரன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான். 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் கொண்டு வந்தது. பணம் வந்தது, பொக்லைன் வந்தது. ஆனால் திட்டம் முடிந்த மறுநாள் கால்வாயில் விழும் குப்பையை எடுக்க உள்ளூரில் ஆள் வேண்டுமே! தன்னார்வலர்கள் என்று உங்களைக் கூப்பிடுவது அதற்காகத்தான்.

ஒரு நாள் வந்து போகாதீர்கள். ஓர் ஏரிக்கு ஒரு வருடம் கொடுங்கள். உங்கள் வீட்டுக்கோ விடுதிக்கோ கிட்டத்தில் எந்த ஏரி இருக்கிறதோ, அங்கே ஏற்கனவே வேலை செய்கிற ஆட்களைத் தேடிப் போய்ச் சேருங்கள். புதிதாக ஒரு குழு, புதிதாக ஒரு பேனர் வேண்டாம். ஏரித் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டு விவசாயி இருப்பார், மடை திறக்கும் நீர்க்கட்டி இருப்பார், மீன் குத்தகை எடுத்தவர் இருப்பார், ஆடு மேய்க்கும் அம்மா இருப்பார். எந்த மூலையில் தண்ணீர் முதலில் ஏறும், எந்த இடத்தில் கரை பலவீனம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். முதல் மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாலும் பரவாயில்லை.

வேலை சித்திரையில் தொடங்குகிறது. அக்னி நட்சத்திர வெயிலில் வேலூரில் யார் மண்வெட்டி பிடிப்பார்கள் என்று நினைக்கலாம். விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடலாம். ஏரி வறண்டு கிடக்கும் அந்த நேரத்தில்தான் ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வரும் வரத்துக் கால்வாயின் முழு நீளத்தையும் நடந்து பார்க்க முடியும். போகும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தில் கால்வாய் இருக்கும், தரையில் இருக்காது. எந்தச் சர்வே எண்ணில் அது மறைகிறது, எந்த இடத்தில் மேலே கான்கிரீட் தளம் போட்டிருக்கிறது, எந்த இடத்தில் பழைய சோபா, தெர்மாகோல், கோழிக் கழிவு என்று அடைத்திருக்கிறது, எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் குறித்து வையுங்கள். கால்வாய் அடைபட்ட ஏரிக்கு, பக்கத்தில் ஆறே கரைபுரண்டு போனாலும் ஒரு சொட்டு வராது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அப்படி ஒரு தண்ணீர் மறுபடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும்போது வழி திறந்திருக்க வேண்டும்.

பாலாற்றைப் பற்றிப் பேசினாலே கர்நாடகமும் ஆந்திரமும் தண்ணீரைத் தடுக்கின்றன என்று பேச்சு வழக்குவரை போகும். ஆறு அங்கே 126 கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது, உண்மை. அந்த வழக்கை அரசு நடத்தட்டும். நம் எல்லைக்குள் 222 கிலோமீட்டர் இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் உள்ள ஓடைகளை அடைத்து வைத்திருப்பது ஆந்திராக்காரன் இல்லை.

அடுத்தது வேலிகாத்தான். சீமைக் கருவேலம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். மேலோடு வெட்டிப் போட்டுவிட்டுச் செல்ஃபி எடுத்துக்கொண்டு போவதில் பயன் இல்லை. வெட்டிய கட்டையிலிருந்து முன்பைவிட அதிகமாகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். நெற்று இனிப்பாக இருப்பதால் ஆடு மாடு தின்று, சாணத்தோடு விதை ஊரெல்லாம் பரவும். ஆகவே அடுத்த மழைக்குப் பின் முளைக்கும் சிறு செடிகளைக் கையால் பிடுங்குவதுதான் தொடர்ந்து வருகிற குழுவுக்கான வேலை. அது சுலபமான வேலையும்கூட. இரண்டு எச்சரிக்கை சொல்கிறேன். அந்த முள்ளை வெட்டி விறகாக்கியும் கரி மூட்டம் போட்டும் பிழைக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களைக் கேட்காமல் இறங்காதீர்கள், வெட்டிய மரம் அவர்களுக்குப் போகட்டும். இன்னொன்று, தண்ணீரில் நிற்கும் வேலிகாத்தான் மேல் கொக்கும் மடையானும் கூடு கட்டியிருக்கும். கூடு இருக்கும் மரத்தைக் குஞ்சு பறக்கும்வரை தொடக்கூடாது.

இதெல்லாம் செய்ய அனுமதி வேண்டும். ஏரி நீர்வளத் துறையுடையதா (முன்பு பொதுப்பணித் துறையில் இருந்தது), ஒன்றியத்துடையதா, மாநகராட்சியுடையதா என்று கேட்டுக்கொண்டு எழுதிக் கொடுங்கள். கிராமமாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. ஆக்கிரமிப்புச் செய்தவர் பெரும்பாலும் அதே தெருக்காரராக இருப்பார். அவர் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போடாதீர்கள். 2007ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வரைபடமும் போட்டோவும் மனுவும் பேசட்டும்.

ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். கொட்டையைப் பொறுக்கிக் கரையோரம் பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்தால் போதும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. பனையின் சல்லிவேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். காய்க்கப் பதினைந்து வருடம்கூட ஆகும், அதற்குப் பொறுமை வேண்டும். கரை மேலும் மதகுக்குப் பக்கத்திலும் ஆல், அரசு போன்றவற்றை நடாதீர்கள். பருத்த வேர் ஒருநாள் செத்து மக்கும்போது அந்தத் துளை வழியாகவே தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். உங்கள் கன்றுகளுக்கு, அந்தத் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன், பள்ளிக்கூட வளாகமும் சாலையோரமும் இருக்கிறது. புங்கன், வேம்பு, நாவல் வையுங்கள். மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற யார் பொறுப்பு என்று பெயர் எழுதிய பிறகே குழி தோண்டுங்கள்.

மழைக்காலத்தில் கரையைப் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் பகலில், துணையோடு வரலாம். எலி வளை, நண்டு வளை பாருங்கள். கரைக்கு வெளியே கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரை மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள், அந்த நிமிடமே துறைக்குப் போன் போக வேண்டும். எல்லாம் நல்லபடி போய் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால், ஊரே மேளத்தோடு வந்து படையல் போடும். அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஊர்ப் பிள்ளையாக நிற்பீர்கள். எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது.

தை மாதம் பறவைக்கு. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று பார்த்ததை ஈபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் நீங்களும் அதில் ஓர் ஆள். நத்தைகுத்தி நாரை, முக்குளிப்பான், நாமக்கோழி, வலசை வரும் நீலச்சிறகி என்று பெயர் தெரியத் தெரிய, அந்த ஏரியை விட்டு மனம் போகாது.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது, அதை மறக்கவே கூடாது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற ஓர் உள்ளூர் அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்று அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும், கெடுதல் நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று நீதிமன்றம் அதில்தான் உறுதியாகச் சொன்னது. இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரியில் "வேலூர் வழக்கு" என்று படிக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் சிலர் கூடி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதில் தொடங்கியது அது.

தீர்ப்பு வந்ததோடு ஆறு சுத்தமாகிவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றுக்காக, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க உத்தரவிட வேண்டியிருந்தது. இத்தனை வருடம் கழித்தும் கண்காணிக்க ஆள் தேவைப்படுகிறது. அறிவியல் படிக்கும் பிள்ளைகளே, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பெரிய விலை இல்லை. உங்கள் ஊரில் பத்துக் கிணற்றை எடுத்துக்கொண்டு மாதம் ஒரு முறை நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. தோல் கழிவின் குரோமியத்தை அந்த மீட்டர் காட்டாது, அதற்கு ஆய்வகம் வேண்டும். ஆனால் எந்தக் கிணற்று நீரை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உங்கள் நோட்டு காட்டும். நாளைக்கு ஒரு குழு வந்து விசாரிக்கும்போது, விடாமல் எழுதிய நோட்டைப் புறந்தள்ள முடியாது.

நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் கண்ணமங்கலம் பக்கம் நாகநதிக்குப் போய்ப் பாருங்கள். வாழும் கலை அமைப்பின் வழிகாட்டலில், நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்து ஓடைகளில் நீர் உறிஞ்சும் உறைக்கிணறுகளை இறக்கினார்கள், கல்லடுக்குத் தடுப்பு வைத்தார்கள். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த பெண்கள், வெயிலில் கல் சுமந்த பெண்கள். அவர்களில் யாராவது ஒருவரை உங்கள் கல்லூரிக்குக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்துக் கேளுங்கள். என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

மேடையில் இருப்பவர்கள் நேரமாகிறது என்கிறார்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. பெயர், ஊர், கிட்டத்தில் உள்ள ஏரி, மாதத்தில் எந்த ஞாயிறு வர முடியும், நான்கையும் எழுதுங்கள். நான்கு ஞாயிறும் வருகிறேன் என்று எழுத வேண்டாம், ஒன்று போதும், அந்த ஒன்று தவறக்கூடாது. முதல் நடை வரத்துக் கால்வாயில். செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள், முள் அதிகம். தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். மண்வெட்டியும் கையுறையும் குழுவில் இருக்கிறது. வணக்கம்.