தயிரை விட்ட இடத்துல சோத்தை ரொப்பாதீங்க

வணக்கங்க. மன்னார்குடி பக்கம் எங்க வயல்ல நிக்கிறேன். சம்பா அறுத்தாச்சு. இந்தத் தாளுக்கு நடுவுல பச்சையா படர்ந்திருக்கு பாருங்க, பயறு. அறுப்புக்குப் பத்து நாள் முன்னாடி, மண்ணு ஈரமா இருக்கும்போதே தெளிச்சோம். அதுக்கப்புறம் தண்ணியே பாய்ச்சலை. பனி ஈரத்துலயே வந்துடுச்சு.

இதைக் காட்டக் காரணம் இருக்கு. நான் பால், தயிர், நெய் எல்லாம் விட்டு ரெண்டு வருஷமாச்சு. சுகரும் இருக்கு. அதனால கிளைசெமிக் இன்டெக்ஸ், அதாவது ஒரு சாப்பாடு ரத்தத்துல சர்க்கரையை எவ்வளவு வேகமா ஏத்துதுங்கிற அளவு, குறைவா இருக்குறதாப் பார்த்துச் சாப்பிடுறேன். குளுக்கோஸை 100-னு வச்சா, 55-க்குள்ள இருக்கிறது மெதுவா சர்க்கரை ஏத்துற சாப்பாடு. ஆரம்பத்துல என்ன பண்ணேன்னா, தயிரை விட்ட இடத்தைச் சோத்தாலயே ரொப்பிட்டேன். குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, தொட்டுக்க உருளைக்கிழங்கு. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா சுகர் முன்னைவிட ஏறிக் கிடக்கு!

இப்ப தட்டுல பாதி கீரையும் வாழைத்தண்டும். அப்புறம் இந்தப் பயறு, தோலோட வேகவச்சு ஒரு கிண்ணம். சோறு கடைசியாத்தான், ரெண்டு கரண்டி. மாப்பிள்ளைச் சம்பாதானேன்னு குவிச்சுப் போட்டுக்காதீங்க, அதுவும் அரிசிதான். கேழ்வரகும் நைசா அரைச்சுக் கூழாக் குடிச்சா சட்டுனு ஏத்திடும்.

மோர் இல்லாம எழுந்திரிக்க மனசு வரலைங்க, டெல்டாக்காரி இல்லையா. நிலக்கடலையை ஊறவச்சு அரைச்சு, பால் பிழிஞ்சு காய்ச்சி, வெதுவெதுப்பா இருக்கும்போது மிளகாய்க் காம்பு நாலு போட்டு மூடி வச்சிடுவேன். காலையில உறைஞ்சிருக்கும். அதைக் கடைஞ்சு, பெருங்காயம், கறிவேப்பிலை போட்டா நல்லாவே இருக்கு.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா கேட்டுக்குங்க. போன வருஷம் எனக்குப் பாதம் மதமதன்னு மரத்துப்போச்சு. சுகராலதான்னு விட்டுட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்தா வைட்டமின் பி12 ரொம்பக் கம்மி. செடி கொடியில அது கிடைக்காது. போதாக்குறைக்கு நான் சுகருக்குப் போடுற மெட்ஃபார்மின் மாத்திரையும் அதைக் குறைக்கும். இப்ப பி12 மாத்திரை விடாம எடுக்குறேன். நீங்க பாலை விட்டிருந்தா, கால் மரக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த வாரமே டெஸ்ட் எடுத்துடுங்க. சோத்தைக் குறைக்கும்போது சுகர் ரொம்ப இறங்கிடவும் வாய்ப்பிருக்கு. சுகர் மாத்திரையோ இன்சுலினோ போடுறவங்க முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் குறைங்க.