கையுறை போட்டுச் சமைத்தால் சுத்தமா? விளக்கை அணைத்துப் பார்த்தோம்!

(திரையில்: இருட்டுச் சமையலறை. ஊதா வெளிச்சம். ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் பச்சை கலந்த மஞ்சளில் நாலு விரல் தடம்.)

வணக்கம் மக்களே! இந்த விரல் தடத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை விட்டுப்போனவர் கையில் நீல நிறக் கையுறை இருந்தது. புத்தம் புதுசு, அப்போதுதான் பெட்டியிலிருந்து உருவியது. இந்த மஞ்சள் இருக்கிற இடத்தில் பச்சைக் கோழியின் தண்ணீர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் இன்றைய வீடியோ. நடுவில் ஓடிவிடாதீர்கள். வாழைப்பழத்துக்கும் ரப்பர் கையுறைக்கும் ஒரு பங்காளித் தகராறு இருக்கிறது, அதுவும் வரும்.

வரலாறு போரடிக்கும், அதனால் ஓட்டமாகச் சொல்கிறேன். 1889, அமெரிக்காவின் பால்டிமோர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட்டின் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்குக் கையெல்லாம் புண். கிருமி போவதற்காகப் பாதரசக் கரைசலில் கையை முக்கி முக்கி எடுத்ததால் வந்த வினை. ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியில் சொல்லி அவருக்கென்று மெல்லிய கையுறை செய்து வாங்கிக் கொடுத்தார். 1890ல் இருவருக்கும் கல்யாணம். மோதிரத்துக்கு முன்னால் கையுறை போட்ட மாப்பிள்ளை! இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அந்தக் கையுறை நோயாளிக்காக வந்ததில்லை, போட்டுக்கொண்டவரின் தோலுக்காக வந்தது. வீட்டுச் சமையலில் இன்றைக்கும் அதுதான் அதன் முக்கியமான வேலை என்பது என் கட்சி. ஏன் என்று காட்டுகிறேன்.

(திரையில்: பகல். அடுப்பு மேடை. எடிட்டர் தம்பி கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.)

இவர் நம்ம எடிட்டர் தம்பி. கேமராவுக்குப் பின்னாலேயே இருக்கிறவரை இன்றைக்கு முன்னால் இழுத்து வந்துவிட்டேன். ஒரு தட்டில் கோழித் துண்டுகள். அதில் தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சள் தூளைப் பிசிறிவிட்டேன். அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, வழக்கம்போல ஒரு கோழி வறுவல் பண்ணு. கையுறை போட்டுக்கோ." மஞ்சள் எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

சமையல் முடிந்தது. விளக்கை அணைத்தோம். ரூபாய் நோட்டு நல்லதா கள்ளதா என்று கடைகளில் பார்ப்பார்களே, அந்த ஊதா டார்ச்சை அடித்தோம்.

(திரையில்: டார்ச் வெளிச்சம் மெல்ல நகர்கிறது.)

மஞ்சளில் இருக்கும் குர்குமின் புற ஊதா ஒளியில் மின்னும். எனக்கு இந்த மொத்த வீடியோவிலும் பிடித்த விஷயம் இதுதான். அஞ்சறைப்பெட்டியில் இத்தனை நாளாக ஒரு துப்பறியும் பொடி சும்மா உட்கார்ந்திருக்கிறது! பாருங்கள்: ஃப்ரிட்ஜ் கைப்பிடி. தயிர்க் கிண்ணத்தின் மூடி. குழாய்த் திருகு. உப்பு ஜாடிக்குள் மூன்று விரல் போய் வந்த பள்ளம். கடைசியில் மேலே தூவிய கொத்தமல்லித் தழை, அதாவது இனிமேல் அடுப்புச் சூட்டையே பார்க்காத தழை. அப்புறம் அவருடைய போன். போனில் கட்டைவிரல் தடம் மட்டும் தனியாக, அழகாக, ஆதார் எடுத்த மாதிரி விழுந்திருக்கிறது. மூக்குக் கண்ணாடியின் நடுவிலும் ஒரு தீற்றல்.

"அக்கா, நான் கையுறை போட்டிருந்தேனே!" என்றார் தம்பி. போட்டிருந்தீர்கள் ராசா, அதுதான் பிரச்சினையே.

வெறும் கையோடு பச்சைக் கறியைத் தொட்டால் வழவழவென்று ஒட்டும், நாறும், ஒரு மாதிரி இருக்கும். நம்மை அறியாமல் குழாயடிக்குப் போய்விடுவோம். கையுறைக்குள் கை காய்ந்து சுகமாக இருக்கிறது. அழுக்கு வெளிப்பக்கம் இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் உணவகத் தொழிலாளர்களைக் கூடவே நின்று கவனித்த ஆய்விலும் இதுதான் வந்தது: கையுறை போட்டிருக்கும்போது கை கழுவுவது குறைந்துவிடுகிறது. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற கிருமிகள் இருக்கலாம். கையுறையின் ரப்பர் அவற்றை ஒன்றும் செய்யாது. தோலில் ஒட்டுகிற மாதிரியே அதிலும் ஒட்டும், அடுத்துத் தொடுகிற இடத்தில் இறங்கும். கோழியைத் தொட்ட கையுறையை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, 20 வினாடி சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் உப்பு ஜாடியைத் தொட வேண்டும். (கோழியையே கழுவலாமா கூடாதா என்று கமென்ட்டில் ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பஞ்சாயத்துக்குத் தனி வீடியோ வரும்.)

அப்படியானால் ஹோட்டலில் மட்டும் ஏன் போடுகிறார்கள்? அங்கே ஒரே ஆள் நூறு பேருக்குத் தட்டு போடுகிறார், அது வேறு கணக்கு. அங்கேயே இது சண்டையாகியிருக்கிறது. 2014 ஜனவரியில் கலிஃபோர்னியா மாநிலம், அப்படியே சாப்பிடும் உணவை வெறும் கையால் தொடக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. சுஷி செய்கிறவர்கள் கொதித்துப்போனார்கள், விரல் நுனியில் மீன் தெரியாமல் எப்படிச் செய்வது என்று. மது ஊற்றுகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள், எலுமிச்சைத் துண்டு போடக்கூட ஒரு கையுறையா என்று. அதே வருடம் ஜூனில் சட்டம் வாபஸ்.

வீட்டில் சாப்பாட்டைக் காப்பாற்றக் கையுறை போட வேண்டிய இடம் ஒன்று நிச்சயம் உண்டு. விரலில் வெட்டுக்காயமோ, சீழ் வைத்த நகச்சுத்தியோ இருக்கிறதா? அதில் ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற கிருமி குடியிருக்கலாம். அது சாப்பாட்டில் விழுந்து பெருகி நஞ்சைக் கக்கிவிட்டால், அப்புறம் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கிருமி சாகும், நஞ்சு நிற்கும். அதனால் காயத்துக்குப் பிளாஸ்டர், பிளாஸ்டருக்கு மேலே கையுறை. அதைவிட நல்லது, அன்றைக்கு வேறு யாரையாவது சமைக்கச் சொல்வது.

சரி, கையுறையை நான் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் சமையலறையிலும் ஒரு பெட்டி இருக்கிறது. எதற்கு? மிளகாய்க்கு!

(திரையில்: பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறிய காட்சி, மிக அருகில்.)

காரம் விதையில் இருக்கிறது என்றுதானே நினைக்கிறோம்? இல்லை. இதோ, விதை ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த வெள்ளைத் தண்டு. காரம் தருகிற கேப்சைசின் என்ற பொருள் உருவாவது இங்கேதான். விதைக்குக் காரம் பக்கத்து வீட்டு உறவில் வந்தது. கேப்சைசின் நம் நரம்பில் டிஆர்பிவி1 என்ற வாங்கியில், அதாவது சேதியை வாங்கிக்கொள்ளும் புரதத்தில், போய் உட்காரும். சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் மூளைக்குத் தந்தியடிக்கும் வாங்கி அது. மிளகாய் உட்கார்ந்தாலும் அதே தந்திதான் போகும். கை நிஜத்தில் வேகவில்லை, வேகிறது என்று மூளை நம்புகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கேப்சைசின் தண்ணீரில் லேசில் கரையாது. ஊறுகாய்க்கு ஒரு கூடை மிளகாய் கீறிவிட்டுத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தேய்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லாம் மிளகாய்க்குக் கையுறை போட்டே ஆக வேண்டும். அதுவும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை. வலிக்கு ஒட்டுகிற கேப்சைசின் பட்டை ஒன்று மருத்துவத்தில் இருக்கிறது. அதைக் கையாளும்போது நைட்ரைல்தான் போட வேண்டும், லேட்டெக்ஸ் என்கிற இயற்கை ரப்பர் கையுறை போதாது என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். கையுறை போடாமல் மாட்டிக்கொண்டால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடையுங்கள், பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு.

அடுத்தது சேனைக்கிழங்கு. நறுக்கினால் கை அரிக்கிறதே, ஏன்? செல்லுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் தீப்பெட்டிக் குச்சி போலக் கட்டுக்கட்டாக அடுக்கி இருக்கின்றன. கத்தி பட்டதும் வெளியே வந்து தோலில் குத்துகின்றன. சேப்பங்கிழங்கிலும் இதே கதைதான். கையுறை இங்கே நல்ல பலன். இல்லாவிட்டால் பாட்டிமார் செய்த மாதிரி எண்ணெயைத் தடவிக்கொண்டு, கிழங்கு ஈரமில்லாமல் இருக்கும்போதே நறுக்குங்கள்.

வாழைப்பூவுக்கு மட்டும் நான் கையுறை போட மாட்டேன். கறை பிடிக்கும்தான். ஆனால் ஒவ்வொரு பூவிலும் அந்த விறைப்பான கள்ளனையும், கண்ணாடி போன்ற செதிலையும் பிடித்து இழுக்க விரல் நுனி வேண்டும். கையுறைக்குள் நுனி குருடு. கையில் நல்லெண்ணெய், பக்கத்தில் மோர், மடியில் முறம். அது போதும்.

கடையில் எதை வாங்குவது? வாழைப்பழத் தகராறு இங்கேதான் வருகிறது. லேட்டெக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பால், கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் வடிகிறதே, அதேதான். அந்தப் பாலிலுள்ள சில புரதங்கள் சிலருக்கு ஒவ்வாது. அதே சாயலுள்ள புரதங்கள் வாழைப்பழம், கிவி, அவகாடோவிலும் இருக்கின்றன. அதனால் லேட்டெக்ஸ் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு வாழைப்பழம் தின்றாலும் வாய் அரிக்கும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் லேட்டெக்ஸ் கையுறையால் தொட்ட சாப்பாடு கூட அவருக்கு வேண்டாம்.

வினைல் என்பது பிவிசி. மலிவு. வளைந்து கொடுப்பதற்காக அதில் சேர்க்கும் பொருள்கள் எண்ணெயுள்ள உணவில் இறங்கும். ஜப்பானில் கடைகளில் விற்ற மதிய உணவுப் பெட்டிகளில் டிஇஹெச்பி என்ற பொருள் வந்து, எங்கிருந்து என்று தேடினால் சாப்பாட்டை அடைத்தவர்களின் கையுறை! ஆல்கஹால் தெளித்துச் சுத்தம் செய்ததில் இன்னும் அதிகமாக இறங்கியிருக்கிறது. 2000ல் அந்தப் பொருள் கலந்த பிவிசி கையுறையை உணவு வேலைக்கு அங்கே தடை செய்தார்கள். சுத்தத்துக்குப் போட்ட கையுறையே சாம்பாரில் கலக்கும் என்றால் எப்படி? ஆகவே உணவுக்கு ஏற்றது என்ற குறிப்போ, கோப்பையும் முள்கரண்டியும் வரைந்த சின்னமோ பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். தலைச்சாயப் பெட்டிக்குள் வருகிற தொளதொள பாலித்தீன் கையுறையோடு அடுப்புப் பக்கம் போகவே போகாதீர்கள், உருகி விரலில் ஒட்டிக்கொள்ளும்.

நீல நிறம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு: நீல நிறச் சாப்பாடு ரொம்ப அபூர்வம், கிழிந்து ஒரு துண்டு விழுந்தால் உடனே கண்ணில் படும். சங்குப்பூ சாதம் செய்கிறவர்கள் மட்டும் கறுப்புக் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது மணிக்கட்டுப் பக்கம் வெளியே பிடித்து உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி உரித்து, குப்பையில் போட்டு, கையைக் கழுவுங்கள். கழுவித் திரும்பப் போடுவதெல்லாம் வேண்டாம்.

கடைசியாக, போன வீடியோவில் ஒரு அம்மா கேட்டிருந்தார்: கையுறை போட்டுக் கரைத்தால் இட்லி மாவு பொங்குமா? பொங்கும் அம்மா. மாவைப் புளிக்க வைக்கும் லூகோநாஸ்டாக் கிருமி பெரும்பாலும் உளுந்தோடுதான் வருகிறது. அதற்காகக் கைக்குப் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. புளித்த மாவில் ரொட்டி சுடுகிறவர்களை வைத்து 2020ல் வெளியான ஆய்வில், அவர்கள் கையிலேயே மாவின் கிருமிகள் ஏராளமாகக் குடியிருந்தன. மாவு கைக்குக் கொடுத்ததா, கை மாவுக்குக் கொடுத்ததா என்பது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இரண்டு கிண்ணம் எடுத்து, ஒன்றைக் கையாலும் ஒன்றைக் கையுறையோடும் கரைத்து வைத்து, காலையில் எது எவ்வளவு ஏறியது என்று ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். ஊட்டிக்காரர்கள் டிசம்பரில் செய்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது. எடிட்டர் தம்பி இப்போது போனைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், அதனால் இந்த வீடியோ ஒரு நாள் தாமதம். சப்ஸ்கிரைப் பண்ணிவிட்டுப் போங்கள்!